ஊர் கூடி நடத்தும் பள்ளி

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் பரிசு பெற்ற மாணவர்களின் படங்களையும் வெற்றிக் கேடயங்களின் பட்டியலையுமே நாம் முதலில் தேடிப் பார்க்கிறோம். அவை மகிழ்ச்சிக்குரியவையே. ஆயினும் அவ்வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு தமிழ்ப்பள்ளி எவ்வாறு நடைபெறுகிறது, அதனை யார் யார் தாங்கி நிற்கின்றனர் என்பதை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் பள்ளியும்

டான் சே யான் என்னும் மலாக்கா வணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். பின்னர் நம் ஜாசின் வட்டாரத்தைச் சேர்ந்த புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் ஒன்றை அமைத்தார். ஆகவே, மலாயாவின் ரப்பர் தொழில் வேரூன்றிய மண் நமது மண்ணே எனலாம். ரப்பர் பரவிய இடமெல்லாம் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். லயங்களில் குழந்தைகள் பெருகவே, அவர்களுக்குக் கல்வி வேண்டும் என்னும் எண்ணமும் பிறந்தது.

மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு நிருவாகத்தைப் பணிக்க வழி செய்தது. மலாக்கா அன்று நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக இருந்தது. இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் தோன்றின. ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையே சில இடங்களில் வகுப்பறையாயிற்று. கோயில் மண்டபமும் வகுப்பறையாயிற்று. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்வதும் உண்டு. இத்தகைய எளிய தொடக்கத்திலிருந்தே நம் பள்ளிகள் வளர்ந்தன.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530 பள்ளிகளே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டமை, ரப்பர் நின்ற இடத்தில் ஆட்கள் குறைவாகத் தேவைப்படும் செம்பனை வந்தமை, குடும்பங்கள் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தமை, சிறு பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டமை ஆகியவை இதற்குக் காரணங்களாகும்.

பள்ளி யாருடையது?

“பள்ளி அரசாங்கத்துடையது; நாம் செய்ய வேண்டியது என்ன இருக்கிறது?” என்று சிலர் எண்ணுவர். இது முழு உண்மையன்று. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின்னர்த் தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் இடம் பெற்றன. அவ்வறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட மே மாதம் 16ஆம் நாளையே நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆசிரியர்க்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடத்திட்டமும் அரசினுடையதே. ஆயினும் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் நிலத்தில் நிற்கின்றன. நிலம் அரசுக்கு உரியதன்று ஆகையால், அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாக உள்ளன. அத்தகைய பள்ளிகளில் கட்டடம் எழுப்பவும் பழுது பார்க்கவும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பெரிதும் முயல வேண்டியுள்ளது. அரசு சிறப்பு ஒதுக்கீடு வழங்கும்போதுகூட, அதனைக் கேட்டுப் பெற்று, பணி முடியும்வரை கண்காணிக்க ஆட்கள் வேண்டும்.

ஒரு சமூகம் நடத்திய பள்ளி

சமூகமே முன்னின்று நடத்திய பள்ளிக்குச் சிறந்த சான்று அண்டை நாடாகிய சிங்கப்பூரில் உள்ளது. தமிழகத்தின் கடையநல்லூரிலிருந்து சென்று தஞ்சோங் பகார் பகுதியில் வாழ்ந்த உழைப்பாளி மக்கள், 1941ஆம் ஆண்டில் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். போர் முடிந்து ஊர் இன்னும் தலைநிமிராத 1946ஆம் ஆண்டிலேயே அச்சங்கம் தமிழ்ப்பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1960ஆம் ஆண்டில் உயர்நிலை வகுப்புகளும் அங்கே தொடங்கின. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளி என்னும் பெருமை அதற்கு உண்டு.

அத்தகைய பள்ளியும் 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியமையால் மாணவர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தனர். எழுப்பிய கட்டடம் இருக்கலாம். கற்பிக்க ஆசிரியர் இருக்கலாம். அமர்ந்து கற்கப் பிள்ளைகள் இல்லையெனில் பள்ளி இல்லை. அப்பள்ளியின் பெயர் 1983ஆம் ஆண்டில் அமைந்த உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது. எனினும் அந்தப் பள்ளி மீண்டும் திறக்கப்படவில்லை.

பள்ளியின் ஆண்டு வட்டம்

இனி, பள்ளியில் ஓராண்டு செல்லும் முறையைக் காண்போம். முதலாம் ஆண்டு மாணவர்கள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் நாளே பள்ளியாண்டின் முதல் திருநாள். அடுத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் நடைபெறும். கணக்கறிக்கை வாசிக்கப்படுவதும், புதிய செயலவை தெரிவு செய்யப்படுவதும் அங்கேதான். வருகை குறைந்த கூட்டத்தில் நான்கு பேர் சுமையை நாற்பது பேருக்காகச் சுமக்க நேர்கிறது.

பின்னர் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். திடலில் கோடு போடுவதும், கூடாரம் கட்டுவதும், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலக்குவதும் பெரும்பாலும் பெற்றோர் கைகளே. கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி நாளில், விடியற்காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த தந்தையர் பிற்பகலில் வேலிக்குச் சாயம் பூசுவதைத் தோட்டத்துப் பள்ளிகள் கண்டிருக்கின்றன. பேச்சுப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், கதை கூறுதல் ஆகியவற்றிற்காக ஆசிரியர்கள் பள்ளி நேரத்திற்குப் பின்னும் தங்கிப் பயிற்சி தருகின்றனர். பொங்கல், தேசிய நாள், ஆசிரியர் தினம் எனக் கொண்டாட்டங்கள் தொடர்ந்து, பரிசளிப்பு விழாவில் ஆண்டு நிறைவெய்துகிறது. பள்ளிதான் தோட்டத்து மக்களை ஓரிடத்தில் கூட்டும் பொதுமன்றம் என்பதை இவ்வட்டம் நன்கு காட்டும்.

சாதனை என்பது யாது?

நெடுங்காலம் ஒரு பள்ளியின் சாதனையை அரசுத் தேர்வின் முடிவைக் கொண்டே அளந்து வந்தோம். 1988ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றனர் என்பதே பேச்சாக இருந்தது. அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. இப்பொழுது வகுப்பறை மதிப்பீடும் மாணவனின் வளர்ச்சியைக் காட்டுகிறது. ஆகவே, பெற்றோர் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் முடிவு கேட்டால் போதாது. ஆண்டு முழுவதும் பிள்ளையின் பயிற்சி ஏட்டைப் பார்த்து வரவேண்டும். வாசிக்கத் தயங்கிய சிறுவன் ஒருவன் ஆண்டிறுதியில் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிப்பானாயின், கேடயம் இல்லாவிடினும் அது பெருஞ்சாதனையே.

பெற்றோரின் பங்கு

150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என வகுத்துள்ளது. மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைப்பதால், தலைகள் குறையக் குறைய வசதியும் குறையும். மிகக் குறைந்துவிடின் இரு வகுப்புகளை ஒரே ஆசிரியர் சேர்த்து நடத்த நேரும். அதனைக் கண்டு மேலும் சிலர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புவர். இச்சுழல் தொடங்கிவிட்டால் நிறுத்துதல் அரிது.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டுவன மூன்று: பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் உரிய காலத்தில் பதிவு செய்தல், நாள்தோறும் தவறாது பள்ளிக்கு அனுப்புதல், சங்கக் கூட்டத்திற்கும் கூட்டுப்பணிக்கும் ஆண்டிற்குச் சில நாள்களேனும் ஒதுக்குதல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, மனமே வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் அமர்ந்திருக்கும் இருக்கை பலருடைய வியர்வையால் அமைந்தது. நன்கு கற்று, பின்னாளில் எங்கு வாழ்ந்தாலும் உங்கள் பள்ளியின் ஆண்டுக் கூட்டத்திற்கு ஒரு முறையேனும் வந்து செல்லுங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும், பள்ளியும் அவ்வாறே.