உடலை விட்டு அகலாத வேதிப்பொருளும் குடல் பாக்டீரியாவும்

கார்பன் அணுவுக்கும் ஃப்ளூரின் அணுவுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம வேதியியலில் அறியப்பட்ட ஒற்றைப் பிணைப்புகளுள் மிக வலுவானது. இப்பிணைப்புகளை வரிசையாகக் கோத்து ஆலைகளில் உருவாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செயற்கைச் சேர்மங்கள் பி.எஃப்.ஏ.எஸ். என்ற பொதுப்பெயரால் வழங்குகின்றன. நீரும் எண்ணெயும் ஒட்டவிடாத, சூட்டுக்கு அசையாத இயல்பு இருந்ததால், ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சுத் தயாரிப்பு முதல் மழைக்கோட்டு, கறைபடியாக் கம்பளம், பெட்ரோல் தீயை அணைக்கும் நுரை வரை இவை புழக்கத்துக்கு வந்தன. அதே இயல்பினால்தான் மண்ணிலோ நீரிலோ விழுந்தபின் சிதையாமல் தங்கி, உணவின் வழியாகவும் குடிநீரின் வழியாகவும் உயிரினங்களின் உடலுக்குள் வந்து சேர்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் கீசியும் தமிழரான குருந்தாசலம் கண்ணனும், ஆலைகளே இல்லாத துருவப் பகுதியின் பனிக்கரடி உட்படப் பல காட்டுயிர்களின் உடலில் இச்சேர்மங்களுள் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ். இருப்பதை 2001இல் வெளியிட்ட பிறகே, இது உலகம் முழுவதையும் தொட்ட மாசு என்பது பரவலாக உணரப்பட்டது.

மனித உடலில் இவை என்ன செய்கின்றன என்பதற்கான விரிவான சான்று மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்திலிருந்து கிடைத்தது. அங்கு டூபான்ட் நிறுவனம் நடத்திய ஆலையிலிருந்து வெளியேறிய பி.எஃப்.ஓ.ஏ. என்ற சேர்மம் குடிநீரில் கலந்ததை ஒட்டி நடந்த வழக்கின் சமரசத்தின்படி, ஏறத்தாழ 69,000 பேரின் உடல்நலத் தரவுகள் திரட்டப்பட்டன. அவற்றை ஆராய்ந்த அறிவியல் குழு, சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, இரத்தத்தில் மிகைக் கொலஸ்ட்ரால், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகிய ஆறுக்கும் இச்சேர்மத்துக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று முடிவு செய்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் பி.எஃப்.ஓ.ஏ.வை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

உடலுக்குள் புகும் நஞ்சுகளுள் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் உடைத்து, நீரில் எளிதில் கரையும் வடிவுக்கு மாற்றிச் சிறுநீரகத்தின் வழியே தள்ளிவிடும் நிலையில், இவை மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன என்பது நியாயமான கேள்வி. கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பைக் கல்லீரலின் நொதிகளால் முறிக்க முடிவதில்லை என்பது முதற் காரணம். இரத்தத்தில் மிகுதியாக உள்ள அல்புமின் என்ற புரதத்துடன் இவை இறுகப் பற்றிக்கொள்வதாலும், சிறுநீரகம் வடிகட்டி வெளியே விடும் சிறு பங்கைக்கூட அங்குள்ள கடத்திப் புரதங்கள் மீண்டும் இரத்தத்துக்கே இழுத்துக்கொள்வதாலும் சிறுநீர் வழி அடைபட்டதுபோல் ஆகிவிடுகிறது. எஞ்சியிருப்பது பித்தநீர். கல்லீரலிலிருந்து பித்தநீருடன் குடலுக்கு இறங்கும் சேர்மம், உணவுச் சத்துடன் சேர்ந்து குடல் சுவரால் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே வந்து சேர்வதால், இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. அரைவாழ்வுக் காலம், அதாவது உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு 2 முதல் 4 ஆண்டுகள் வரை என மதிப்பிடப்படுகிறது. மாதவிடாயும் தாய்ப்பாலும் பெண்களின் உடற்சுமையைச் சற்றுக் குறைக்கின்றன என்பது உண்மையாயினும், தாய்ப்பாலில் இறங்கும் சேர்மம் சேருமிடம் குழந்தையின் உடல் என்பதால் அதை நற்செய்தியாகக் கொள்வதற்கில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நச்சியல் பிரிவில், கிரண் பாட்டீல் தலைமையிலான குழு 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கவனம் பெறுவதற்குக் காரணம், அது கைவைத்த இடம் துல்லியமாக இந்தப் பித்தநீர்ச் சுற்றில் இருப்பதுதான். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் வளர்த்து, பி.எஃப்.ஏ.எஸ். கலந்த ஊடகத்தில் விட்டுப் பார்த்தபோது, 38 வகைகள் அச்சேர்மங்களைத் தம் செல்லுக்குள் இழுத்துச் சேர்த்துக்கொண்டன. அவற்றுள் சில, தொடர்பு ஏற்பட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே சுற்றுப்புறத்தில் இருந்ததில் 25 முதல் 74 சதவீதம் வரை உறிஞ்சின. பாக்டீராய்டஸ் யூனிஃபார்மிஸ் என்னும் சாதாரணக் குடல்வாசி, இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு வளர்ச்சி குன்றாமல் பெருகியது.

இந்த பாக்டீரியாக்கள் சேர்மத்தைத் தின்று செரிப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 'நஞ்சை உண்ணும் கிருமி' என்ற தலைப்புகள் பார்வைக்குக் கவர்ச்சியாக இருந்தாலும் பிழையானவை. நடப்பது உடைப்பு அன்று, பதுக்கல். சேர்மம் செல்லின் மேற்பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறதா, உண்மையில் உள்ளே போயிருக்கிறதா என்ற ஐயம் எழுவது இயல்பு என்பதால், பாக்டீரியாவைக் கடுங்குளிரில் உறைய வைத்து, குவிக்கப்பட்ட அயனிக் கற்றையால் படிப்படியாகச் செதுக்கி, உதிரும் துகள்களின் நிறையை அளந்து பார்த்தனர்; செல்லின் உட்புறத்தில் அது சிறுசிறு திரட்டுகளாகக் குவிந்திருந்தது. இப்படித் திரண்டு ஒதுங்கிவிடுவதால்தான் செல்லின் அன்றாட இயக்கத்துக்கு ஊறு நேர்வதில்லை என்று குழுவினர் கருதுகின்றனர். ஈ. கோலை பாக்டீரியாவில், வேண்டாத பொருள்களை வெளியே இறைக்கும் பம்பின் உறுப்பான டோல்சி என்ற புரதத்தை நீக்கியபோது உள்ளே சேர்ந்த அளவு கூடியது. எனவே ஒரு வகை எவ்வளவு பதுக்கும் என்பதில் அது எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதற்கும் பங்குண்டு.

அடுத்து, குடலில் எந்த நுண்ணுயிரும் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மனிதக் குடல் பாக்டீரியாக்களைப் புகட்டி, பி.எஃப்.என்.ஏ. என்ற ஒன்பது கார்பன் சேர்மத்தைக் கொடுத்தனர். பாக்டீரியா குடியேறிய எலிகளின் மலத்தில், நுண்ணுயிரற்ற எலிகளின் மலத்தைவிட அச்சேர்மம் கூடுதலாக இருந்தது. குடல் சுவர் உறிஞ்சுவதற்கு முன்பே பாக்டீரியா அள்ளிக்கொண்டு, மலத்துடன் தானும் வெளியேறிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

எலியில் கிடைத்த முடிவை மனிதனுக்கு நீட்டுவதில், இத்துறையில் பிற துறைகளைவிடக் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெண் வெள்ளெலியின் உடலிலிருந்து பி.எஃப்.ஓ.ஏ. பாதியாகக் குறையச் சில மணி நேரமும், ஆண் வெள்ளெலிக்குச் சில நாள்களும், சுண்டெலிக்குச் சில வாரங்களும் போதும். மனிதனுக்கோ ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை வேறுபட்ட உடல்களில் ஒன்றில் மலத்தின் அளவு கூடியது என்பதை வைத்து, மனித இரத்தத்தில் அளவு குறையும் என்று கணக்கிட வழியில்லை. மேலும், புதிதாக விழுங்கியதைத் தடுப்பது வேறு, பல ஆண்டுகளாக இரத்தத்திலும் கல்லீரலிலும் தேங்கியதை இறக்குவது வேறு. பாட்டீலும் உடன் பணிபுரிபவர்களும் இந்த பாக்டீரியாக்களைப் புரோபயாடிக் மாத்திரைகளாக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருக்கின்றனர். கடைகளில் இப்போது கிடைக்கும் புரோபயாடிக் எதுவும் இதற்கெனச் சோதிக்கப்பட்டதன்று.

ஆயினும் குடலில் மறிப்பது என்ற எண்ணம் வெறும் ஊகம் அன்று. டென்மார்க்கின் கோர்சோர் நகரில், தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியின் நுரையால் மாசுபட்ட புல்வெளியில் மேய்ந்த மாடுகளின் இறைச்சியை உண்டவர்களின் இரத்தத்தில் பி.எஃப்.ஓ.எஸ். மிகுந்திருப்பது 2021இல் தெரியவந்தது. பித்த அமிலங்களைக் குடலில் பற்றிக்கொள்ளும் கொலஸ்டைரமின் என்ற பழைய கொழுப்புக் குறைப்பு மருந்து அம்மக்களிடம் சோதிக்கப்பட்டபோது, 12 வாரங்களில் அந்த அளவு பெருமளவு இறங்கியது. அம்மருந்து மலச்சிக்கலை உண்டாக்குவதோடு சில வைட்டமின்கள் உடலில் சேர்வதையும் தடுப்பதால், ஆண்டுக்கணக்கில் விழுங்குவதற்கு ஏற்றதன்று. ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களிடம் நடந்து 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஓராண்டுக் காலம் முறையாக இரத்தமோ பிளாஸ்மாவோ தானம் செய்தவர்களின் அளவு குறைந்தது. பிளாஸ்மா கொடுத்தவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. தானம் பெறுபவருக்கு அது போய்ச் சேருமே என்ற சங்கடமும் அந்த முறையுடன் ஒட்டியே வருகிறது.

பாக்டீரியா வழி வெற்றி பெற்றாலும் அதே சங்கடம் வேறு வடிவில் வரும். பதுக்கப்பட்ட சேர்மம் உருமாறாமல் மலத்துடன் கழிவுநீருக்குச் செல்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களின் வழக்கமான முறைகள் அதைச் சிதைப்பதில்லை என்பதால், ஒரு பங்கு ஆற்றுக்கும் மறு பங்கு வண்டலுக்கும் போகிறது. அந்த வண்டலை உரமாகப் பெற்ற பண்ணைகளின் மண்ணிலும் பாலிலும் பி.எஃப்.ஏ.எஸ். ஏறியதைக் கண்ட அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், கழிவுநீர் வண்டலை வயல்களில் இடுவதை 2022இல் சட்டம் இயற்றி நிறுத்தியது.