உங்களுக்குத் தெரியுமா? கஞ்சாவுக்குக் கதவு திறந்த ஊர்கள்

● அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் 420-ஆவது மைல் பலகை கண்ணில் படாது. அந்த இடத்தில் 419.99 என்று எழுதியிருக்கும். நம்மூரில் 420 என்றால் ஏமாற்றுப் பேர்வழி. அமெரிக்கக் கஞ்சாப் பிரியர்களுக்கோ அது குலச்சின்னம். ஏப்ரல் 20 அவர்களுக்குத் திருவிழா. ஊர் திரும்பும்போது ஞாபகார்த்தமாகப் பலகையைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன நெடுஞ்சாலைத் துறை, கடைசியில் எண்ணையே கொஞ்சம் குறைத்துவிட்டது.

● அதே கொலராடோவில் 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், 21 வயது நிரம்பியவர்கள் மருத்துவச் சீட்டு இல்லாமலே கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. யார் வாங்குகிறார்கள் என்று அந்த ஆண்டே மாநில வருவாய்த் துறைக்காக ஓர் ஆய்வு நடந்தது. டென்வர் வட்டாரக் கடைகளின் விற்பனையில் 44 சதவீதம் வெளிமாநிலத்தவர் வாங்கியது. பனிச்சறுக்குக்குப் பேர்போன மலையூர்களில் அது சுமார் 90 சதவீதம்! இத்தனைக்கும் வெளியூர்க்காரருக்கு ஒரு தடவைக்குக் கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம்தான் தருவார்கள். உள்ளூர்க்காரருக்கு ஒரு அவுன்ஸ். இந்தப் பந்தி வஞ்சனை 2016-இல்தான் நீங்கியது.

● இவ்வளவு காசு கொட்டியும் கொலராடோ சுற்றுலா அலுவலகம் தன் விளம்பரங்களில் கஞ்சாவைச் சேர்க்கவில்லை. மலை, பனி, நதி, குதிரை எல்லாம் உண்டு. அந்த இலை மட்டும் கிடையாது. நாட்டின் மத்தியச் சட்டத்தில் அது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள் என்பது சொல்லப்படும் காரணம். குழந்தை குட்டியோடு பனி பார்க்க வருகிறவர்கள் முகம் சுளித்துவிடுவார்களோ என்ற கவலையும் உள்ளே இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் அப்படியொன்றும் பொய்யில்லை என்பதற்கு பிரெக்கன்ரிட்ஜ் சாட்சி. அந்தப் பனிச்சறுக்கு ஊரில் 2014 டிசம்பரில் ஊராரிடம் வாக்கெடுத்தார்கள். கடையே கூடாதா என்பதல்ல கேள்வி. ‘மெயின் ஸ்ட்ரீட்டில் வேண்டாம், ஓரமாகப் போகட்டும்’ என்றார்கள் ஏறக்குறைய 70 சதவீதம் பேர். வருமானம் வரட்டும், வாசலில் தெரிய வேண்டாம்.

● சரி, வாங்கியாயிற்று. எங்கே புகைப்பது? பொது இடத்தில் கூடாது. ஹோட்டல் அறைகளில் பெரும்பாலும் கூடாது. வாடகைக் காருக்குள் கூடாது. பனிச்சறுக்குச் சரிவுகளில் பல, மத்திய அரசின் வனத்துறை நிலம். ராக்கி மலை தேசியப் பூங்காவும் மத்திய அரசுடையது. அங்கே மாநிலச் சட்டம் செல்லாது. பையில் பொருளை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைந்தே விடுமுறையில் பாதியைக் கழித்தவர்கள் உண்டு. ‘இங்கே எல்லாம் சுதந்திரம்’ என்று நம்பி வந்தவருக்கு முதல் ஏமாற்றம் இதுதான்.

● இடம் கிடைக்காதவர்கள் மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் திரும்பினார்கள். புகையில்லை, வாடையில்லை. ஆனால் வயிற்று வழியாகப் போகிற கஞ்சா தலைக்கேற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று புதிதாக வந்தவர் இன்னொரு துண்டைக் கடிப்பார். நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மௌரீன் டவுட் டென்வர் ஹோட்டல் அறையில் இப்படித்தான் ஒரு சாக்லேட்டைக் கடித்துவிட்டு, மணிக்கணக்கில் படுக்கையில் சுருண்டு, தான் செத்தே போய்விட்டதாக நினைத்தாராம். 2014 ஜூனில் அவரே இதை எழுதினார், ஊரே சிரித்தது.

சிரிக்க முடியாத சம்பவம் அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே நடந்துவிட்டது. நண்பர்களோடு விடுமுறைக்கு டென்வர் வந்த ஒரு கல்லூரி மாணவர் கஞ்சா குக்கியில் ஒரு துண்டு தின்றார். ஆறு துண்டாக்கி ஒன்றை மட்டும் தின்ன வேண்டும் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அரை மணியோ ஒரு மணியோ கழித்தும் ஒன்றும் ஆகாததால் மிச்சத்தையும் தின்றார். பின்பு நிலை தடுமாறி, ஹோட்டல் நான்காம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ஒரு வேளை அளவு 10 மில்லிகிராம் என்று ஒவ்வொரு துண்டிலும் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற கெடுபிடியெல்லாம் இதற்கப்புறம் வந்தவை. 2017 அக்டோபரிலிருந்து மனிதர், விலங்கு, பழம் போன்ற வடிவங்களில் கஞ்சாத் தின்பண்டம் செய்யவும் தடை.

● சூதாட்ட நகரமான லாஸ் வேகஸில் கஞ்சா விற்பனை 2017 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஆனால் கேசினோ வளாகங்களுக்குள் கூடாது. மத்தியச் சட்டத்தை மீறினால் சூதாட்ட உரிமம் போய்விடும் என்ற பயம். ஊர் திரும்புகிறவர்களுக்காக 2018-இல் விமான நிலையத்தில் பச்சைப் பெட்டிகள் வைத்தார்கள். மிச்சம் மீதியை அதில் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கோயில் உண்டியல் மாதிரி, போடத்தான் முடியும், எடுக்க முடியாது.

● நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்று நினைத்தால், அது தவறு. 1976-இல் போதைச் சட்டத்தைத் திருத்தியபோது அவர்கள் செய்தது, சிறிய அளவுக்குக் கண்ணை மூடிக்கொள்வது. குற்றம் குற்றம்தான், வழக்குப் போட மாட்டார்கள். காபிஷாப் என்ற பெயரில் நடக்கும் கடையில் ஆளுக்கு 5 கிராம் வரை விற்கலாம், விளம்பரம் கூடாது, 18 வயதுக்குக் கீழே ஆகாது. ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? வளர்ப்பதும் மொத்தமாக விற்பதும் குற்றம்! முன்வாசலில் வரி கட்டும் வியாபாரம், பின்வாசலில் கடத்தல். இந்தக் கோணலைச் சரிசெய்ய, உரிமம் பெற்ற பண்ணைகளிலிருந்து சரக்கு கொடுத்துப் பார்க்கும் சோதனை 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் என்ற இரண்டு ஊர்களில் தொடங்கியது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தாமதம்.

● நெதர்லாந்தில் 2008 ஜூலை முதல் உணவகம், மதுக்கடை எதிலும் புகையிலை பிடிக்கக் கூடாது. காபிஷாப்பும் அதில் அடங்கும். ஆக, வெறும் கஞ்சா என்றால் தாராளமாக ஊதலாம். கொஞ்சம் புகையிலை கலந்துவிட்டால் விதி மீறல்.

● ஆம்ஸ்டர்டாமின் பழம்பெரும் காபிஷாப்பான மெல்லோ யெல்லோ 1970-களின் தொடக்கத்திலிருந்து இருந்த கடை. 2016 முடிவோடு மூடப்பட்டது. பள்ளியிலிருந்து 250 மீட்டருக்குள் காபிஷாப் இருக்கக் கூடாது என்ற விதி. பக்கத்தில் இருந்தது முடிதிருத்தக் கற்றுத்தரும் பள்ளி.

● ஆம்ஸ்டர்டாமைத் தேடி வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்? மாநகராட்சியே கேட்டுப் பார்த்தது. நகரின் நடுப்பகுதிக்கு வந்த 18 முதல் 35 வயது வரையிலான வெளிநாட்டவரிடம் எடுத்து, 2020 தொடக்கத்தில் வெளியான ஆய்வில், காபிஷாப்புக்குள் வெளிநாட்டவரை விடாவிட்டால் இனி இந்த ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொள்வோம் என்றார்கள் 34 சதவீதம் பேர். வரவே மாட்டோம் என்றவர்கள் 11 சதவீதம். வான் கோ, ரெம்பிராண்ட், கால்வாய்கள் எல்லாம் இருக்கும் ஊருக்கு இப்படி ஒரு மதிப்பெண்! வேறு மேயராக இருந்தால் ஆய்வைப் பரணில் போட்டிருப்பார். மேயர் ஃபெம்கே ஹால்செமா அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘அப்படியானால் அவர்கள் வராமலே இருக்கட்டும்’ என்ற பக்கம் சாய்ந்தார். 2021 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காபிஷாப் கதவை மூடும் யோசனையை முன்வைத்தார். மாநகர சபை ஒப்பவில்லை. தெருமுனை வியாபாரிகள் பெருகிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. பயம் காற்றில் வந்ததல்ல. எல்லையோர மாஸ்ட்ரிக்ட் நகரில் 2012-இல் வெளிநாட்டவருக்குக் கதவை மூடியபோது தெருவில் கூவி விற்பவர்களின் தொல்லை புகாராக வந்தது.

சபை மறுத்தாலும் ஊர் விடவில்லை. 2023 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம், ‘வராதீர்கள்’ என்றே விளம்பரம் செய்தது. குறி வைத்தது பிரிட்டிஷ் இளைஞர்களை. கல்யாணத்துக்கு முந்திய கும்மாளத்துக்கு ஆம்ஸ்டர்டாமில் இடம் இருக்கிறதா என்று இணையத்தில் தேடினால், விலங்கு மாட்டப்படும் ஆள், அபராதம், ஆம்புலன்ஸ் என்று காட்சி வரும். அதே ஆண்டு மே மாதம் சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் கஞ்சா புகைத்தால் 100 யூரோ அபராதம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் சந்துகளுக்கு மேலே குடியிருக்கிறவர்களுக்கு, ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும் வாடை விடுமுறையின் மணம் அல்லவே. ஒரே புகை; கீழே நிற்பவருக்கு இந்த ஊர் சொர்க்கம், மேலே தூங்க முயல்பவருக்கு நரகம். சுற்றுலா ஆய்வுகள் பெரும்பாலும் கீழே நிற்பவரைத்தான் கேட்கின்றன.

● பயணிக்கு இந்த விஷயத்தில் இடமே கொடுக்காத நாடுகளும் உண்டு. கஞ்சாவை முதன்முதலில் முழுதாகச் சட்டமாக்கிய உருகுவேயில் 2017 ஜூலை முதல் மருந்துக்கடையில் விற்கிறார்கள். பெயர் பதிந்து, விரல் ரேகை வைக்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 25 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வளர்த்துத் தரும் கிளப்பில் சேர நாட்டில் ஆறு மாதமாவது குடியிருக்க வேண்டும்.

● நேபாளத்தில் 1973 வரை கஞ்சாவுக்கும் சரஸுக்கும் அரசு உரிமம் பெற்ற கடைகள் இருந்தன. காத்மாண்டுவின் ஜோச்சென் தெருவுக்கு ஃப்ரீக் ஸ்ட்ரீட் என்று பெயரே வந்துவிட்டது. ஹிப்பிகளுக்கு அது யாத்திரைத் தலம். அந்த ஆண்டு ஜூலையில் உரிமங்களை ரத்து செய்தார்கள். கூட்டம் கலைந்தது. இன்று நேபாளம் என்றதும் பயணிக்கு நினைவுக்கு வருவது மலையேற்றம்.

● போட்ட தடையை நீக்க ஆசியாவில் முதலில் துணிந்தது தாய்லாந்து. 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மருத்துவத்துக்காக என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் அனுடின் சார்ன்விரகுல். முறையான சட்டம் வருமுன்னே பாங்காக்கில் மூலைக்கு மூலை பச்சை இலை போர்டு தொங்கியது. சிலர் அதற்காகவே விமானம் ஏறினார்கள். சிலர் உணவில் கலந்திருக்குமோ என்று பயந்தார்கள். தென்கொரியத் தூதரகம் தன் மக்களை எச்சரித்தது. 2025 ஜூனில் தாய்லாந்து பின்வாங்கி, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது.

● சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ பாங்காக்கில் கஞ்சா புகைத்தால், சிங்கப்பூர்ச் சட்டம் அதை ஊரில் புகைத்ததாகவே எடுத்துக்கொள்ளும். பாங்காக்கில் கடைக்காரர் ரசீது கொடுத்திருந்தாலும் பயனில்லை. சென்னைக்கும் இதே கதைதான்: பாங்காக் விமானத்தில் வந்தவர் பெட்டியில் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்டது என்று சுங்கத்துறை அடிக்கடி அறிவிக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் முன் அந்த ரசீதைக் காட்டினால், அது அரசுத் தரப்புக்கு இன்னோர் ஆதாரம்.