மருந்துக் கடைக்குப் போகுமுன்

சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே வருகிறது. ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்முனையில் தொடங்கும் இந்த உச்சம் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, ஏப்ரல் நடுவில் குடாநாட்டைக் கடந்துபோகும்; ஆவணியில் மறுபடி ஒருமுறை திரும்பி வரும். தை மாதத்தோடு ஓய்ந்த மாரிமழைக்கு ஐப்பசிவரை காத்திருக்கவேண்டும். நடுவில் ஓரிரு இடிமழை கிடைத்தால் உண்டு. உரும்பிராய், கோப்பாய், புத்தூர், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தறைகளில் மிளகாயும் கத்தரியும் பயிற்றையும் பாகலும் நிற்பது இந்த இடைவெளியில்தான். வளவில் பத்துக் கன்று வைத்திருப்பவருக்கும் பதினாறு பரப்புத் தோட்டம் செய்பவருக்கும் அப்போது கவலை ஒன்றே: வெயிலும் பூச்சியும். இரண்டையும் வேறு வேறு வியாதியாகப் பிரித்து, ஒன்றுக்குத் தண்ணீர், மற்றதற்கு மருந்து என்று ஊற்றுவதில்தான் பிழை தொடங்குகிறது.

மத்தியானம் கத்தரி இலை தொங்கிப்போய் நிற்பதைக் கண்டால் உடனே தண்ணீர் விடத்தான் மனம் சொல்லும். வேர் உறிஞ்சுவதைவிட இலை விடும் ஆவி கூடினால் இலை துவளும். துவண்ட இலையில் வெயில் படும் பரப்பும் குறையும். பொழுதுபட நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. விடியற்காலையிலும் துவண்டே நின்றால்தான் தாகம். மண்ணில் ஈரம் இருந்தும் விடிய வாடி நிற்கிறது என்றால் வேரில் வட்டப்புழு இருக்கலாம், அல்லது பக்றீரியா வாடலாக இருக்கலாம். ஒரு கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு. தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டதும் வெட்டுவாயிலிருந்து பால்நிறத்தில் நூல் இறங்கினால் பக்றீரியா. அதற்குமேல் எவ்வளவு இறைத்தாலும் வீண். கன்றை எரித்துவிட்டு அடுத்த போகம் அந்தத் தறையில் வெங்காயமோ சோளமோ போடுவதே வழி.

தக்காளியின் கதை வேறு. கன்று செழித்து, பூத்தும் இருக்கும். பிஞ்சு மட்டும் பிடிக்காது. பகல் வெயிலைத்தான் எல்லோரும் குறை சொல்வோம். ஆனால் இரவும் குளிரவேண்டும். இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டத் தொடங்கும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் வைகாசி, ஆனி இரவுகள் 27, 28 பாகையிலேயே நின்றுவிடுகின்றன. நிழல் வலை பகலைத்தான் மறைக்கும், இரவுப் புழுக்கத்தை அது என்ன செய்யும்? வைகாசியில் தக்காளியோடு மல்லுக்கு நிற்பதைவிட, அந்த இடத்தில் வெண்டியும் பயிற்றையும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி இனம் நாடு முழுக்கப் பேர்பெற்றது, இந்த மண்ணுக்கு அதுவும் பழக்கப்பட்டது. பாகலும் புடோலும் பந்தலில் ஏறினால் கீழே கிடைக்கும் நிழல் இலவசம். மிளகாய் நாற்றுமேடையை அதன் ஓரத்தில் போடலாம். புடலங்காயின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை வெளியூரார் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், வளையாத காய்க்குத்தான் சந்தையில் விலை.

நாற்று நடுவது பின்னேரத்தில். மேற்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பனையோலையைச் சரித்துக் குத்திவிட்டால், வேர் பிடிக்கும்வரை அதுவே போதுமான குடை. பாத்திக்கு மேல் சருகு மூடுவது அதைவிட முக்கியம். வாழைச்சருகு, வைக்கோல், வேலியில் வெட்டிய பூவரசங்குழை, கிளிசரியா எல்லாம் ஆகும். தண்டை மட்டும் முட்டக்கூடாது. செம்மண்ணில் காய்ந்த வைக்கோலுக்குக் கறையான் வரும் என்பதால் கோடையில் பச்சைக் குழையே எனக்கு மேலாகப் படுகிறது. கரையில் ஒதுங்கும் சாதாளையும் நல்ல பசளைதான், ஒரு மாரிமழையில் உப்புக் கழுவுண்ட பிறகு.

இவ்வளவு மினக்கெடுவதற்குக் காரணம் கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மழைக்காலத்தில் மட்டும் ஓடும். நமக்கு உள்ளது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீர், அதன் அடியில் கடல்நீர். கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு அவ்வளவும் ஏறப் பார்க்கும். புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதே இதற்குச் சாட்சி. தோட்டத்தில் வாய்க்கால் நிறைய விட்ட தண்ணீர் பசளையைக் கரைத்துக்கொண்டு அதே பாறைக்குள் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. இலையில் அடித்த மருந்தின் மிச்சத்துக்கும் போக வேறு இடம் இல்லை.

இனிப் பூச்சி. "அண்ணை, மிளகாய் சுருளுது, என்ன அடிக்கலாம்?" என்று கடையில் கேட்டால் ஒரு போத்தல் கைக்கு வரும். எந்தப் பக்கம் சுருளுகிறது என்ற கேள்வி வராது. இலையின் ஓரம் மேல்நோக்கி வள்ளம்போல மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து இலைக்காம்பு நீண்டால் சிற்றுண்ணி. சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல, எட்டுக் கால் உள்ள சிலந்தியின் சொந்தம். அதற்குச் சாதாரண பூச்சிமருந்து பெரும்பாலும் வேலை செய்யாது. அதைத் தின்னும் நல்ல உண்ணிகளும் வண்டுகளும்தான் சாகும். அடித்த பிறகு முன்னிலும் மோசமாகச் சுருளுவது அதனால்தான். கந்தகம் கேட்கும், ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

வெப்பம் கூடும்போது பனிப்பூச்சி முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக இரண்டு கிழமை போதும். வெண்ணீக்கு மூன்று கிழமை. அதோடு, தூசி படிந்து தாகத்தில் நிற்கும் செடியைத்தான் உண்ணி முதலில் பிடிக்கும். ஆகவே சருகு மூடிய பாத்தி பூச்சிக்கும் மருந்துதான். வீட்டுத் தோட்டத்தில் காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே உண்ணியும் அழுக்கணவனும் பாதி விழுந்துவிடும். கத்தரியில் வாடிய குருத்துக்குள் காய்த்துளைப்பான் புழு இருக்கும், ஒரு சாண் கீழே நறுக்கி எரிக்கவேண்டும். பாகற்பிஞ்சைக் கடதாசிப் பையில் மூடினால் பழ ஈ தோற்றுப்போகும். அடுப்புச் சாம்பல் தூவும் பழக்கத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம்: நம் சுண்ணாம்பு மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, இலைக்குப் போதும், மண்ணில் கொட்டவேண்டாம்.

2008இல் பப்பாசியில் வெள்ளையாக அப்பிய வெண்மூட்டுப்பூச்சி நினைவிருக்கும். நாடெங்கும் மருந்து அடித்தும் அசையாத அது, 2009இல் அசெரோபேகஸ் என்ற கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவுச் சிறு குளவியை விடுவித்த பிறகு அடங்கியது. நம் வேலியில் உள்ள முசுறும் அப்படி ஒரு காவல்தான். தென்சீனத்தில் தோடை மரங்களுக்கு முசுறுக்கூட்டை விலைக்கு வாங்கி வைக்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. என்ன, வெண்மூட்டுப்பூச்சியையும் அது தேனுக்காக வளர்க்கும், கடியும் சும்மா இராது.

மருந்தில்லாமல் தோட்டம் செய்வது குடாநாட்டுக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியா வரவில்லை, மண்ணெண்ணெய்க்குத் தீப்பிடித்த விலை. அப்போது குழையும் எருவும் வேப்பங்கொட்டையும்தான் தோட்டத்தைத் தாங்கின. ஆனால் அதைச் சொல்லி 2021ஐ நியாயப்படுத்த முடியாது. அந்த மே மாதம் அரசு பசளைக்கும் மருந்துக்கும் ஒரே நாளில் இறக்குமதித் தடை போட்டு, நவம்பரில் கைவிட்டது. நெருக்கடியில் சமாளித்தது விவசாயியின் கெட்டித்தனம். அதையே கொள்கையாக ஒரு வர்த்தமானியில் திணித்தது வேறு சங்கதி. பழக அவகாசமும் மாற்றுப் பசளையும் இல்லாமல் எந்த மண்ணும் மாறாது.

அந்த வேப்பங்கொட்டைக்கு வருவோம். வேம்பு பழுத்து விழுவது ஆனி, ஆடியில். தோலை நீக்கிக் கொட்டையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்ரிக் பையில் பூஞ்சணம் பிடிக்கும். தேவைப்படும்போது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, அன்றைக்கே அடித்து முடிக்கவேண்டும். அதுவும் பொழுதுபட்ட பிறகு; வேம்பின் சத்தை வெயில் சில நாளில் அழித்துவிடும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டி வரும்.