ஒளியை நாடும் ஆமை

'றோபோ' என்றதும், மனித வடிவில் நிமிர்ந்து நடக்கும் இரும்புப் பதுமையே பலரது மனக்கண்ணில் தோன்றுகின்றது. செக் நாட்டு ஆசிரியர் கரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகமொன்றே இச்சொல்லை உலகுக்கு வழங்கியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல் அதன் மூலம். ஆனால், றோபோவுக்கு மனித உருவம் வேண்டுவதில்லை. சூழலை உணர ஒரு புலன், இயங்க ஓர் உறுப்பு, இரண்டையும் இணைக்கும் வழியொன்று, இவை போதும்.

இதனைச் செய்துகாட்டியவர், பிரிஸ்டல் நகரில் மூளையை ஆராய்ந்த கிரே வால்ட்டர். 1948, 1949 ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்னும் இரு இயந்திர ஆமைகளை அவர் ஆக்கினார். ஒவ்வொன்றிலும் வெற்றிடக் குழாய்கள் இரண்டே; ஒளியுணரும் கண் ஒன்று; முட்டினால் உணரும் ஓடு ஒன்று. அவ்வளவில் அவை விளக்கை நாடி ஊர்ந்தன. தடையை விலகிச் சென்றன. உறுப்புக்களின் தொகையினும் அவை இணைந்திருக்கும் முறையே பெரிது என்பது அவர் கருத்து.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் வீட்டு விறாந்தையில், அயலிலுள்ள மாணவர் சிலரோடு இத்தகைய ஆமையொன்றை நானும் செய்தேன். பழைய விளையாட்டுக் கார்களிலிருந்து எடுத்த சிறு மோட்டார்கள் இரண்டு, சக்கரங்கள் இரண்டு, ஒளிபட்டால் மின்தடை குறையும் ஒளியுணரிகள் இரண்டு, மின்னோட்டத்தைப் பெருக்கும் திரான்சிற்றர்கள் இரண்டு, மின்கலங்கள், உடலுக்கு ஒரு சவர்க்காரப் பெட்டி, முன்புறம் தரையில் வழுக்கிச் செல்ல ஒரு கண்ணாடிப் போளை.

நுட்பமெல்லாம் கம்பியிலே உள்ளது. வலக்கண்ணை இடச்சக்கர மோட்டாருடனும், இடக்கண்ணை வலச்சக்கர மோட்டாருடனும் குறுக்காக இணைக்கவேண்டும். வலப்புறம் ஒளி மிகுந்தால் இடச்சக்கரம் விரைந்து சுழலும். வண்டி ஒளியை நோக்கித் திரும்பும். நேராக இணைத்தாலோ, அதே வண்டி ஒளியை விலகி ஓடும்.

"இப்போது இதற்குப் பயம் வந்துவிட்டதா, சேர்?" என்றாள் ஒரு சிறுமி. நல்ல கேள்வி! மூளை ஆராய்ச்சியாளர் வலன்ட்டினோ பிரைட்டன்பெர்க் 1984 இல் வெளியிட்ட நூலிலே, இத்தகைய வண்டிகளைக் கொண்டே இவ்வினாவை ஆராய்ந்தார். அச்சமும் ஆசையும் பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றுவன. வண்டியில் மாறியவை இரண்டு கம்பிகளே.

முட்டையினின்று இரவில் வெளிவரும் கடலாமைக் குஞ்சும் ஒளி மிகுந்த திசையையே நாடுகின்றது. இயற்கையான கரையில் அத்திசை கடல். கரையோரத்தில் மின்விளக்குகள் எரிந்தால், குஞ்சு கடலை மறந்து நிலத்தை நோக்கி ஊர்ந்து மாய நேர்கின்றது. எங்கள் வண்டிக்கும் விளக்கென்றும் தீயென்றும் வேற்றுமை தெரியாது.

மாலுமியோ அத்தகையனல்லன். கொட்டியாரக் குடாவின் வாயிலிலே, பவுல் முனையில் வெளிச்ச வீட்டை எழுப்பியவர்கள், கப்பல் அதனை நோக்கி நேரே வரவேண்டுமென்று கருதினார்களா? அவ்வொளியைக் கொண்டு தன் நிலையைக் கணித்து, பாறைகளை விலக்கியன்றோ அவன் துறைமுகத்துள் நுழைந்தான்! ஒளியை நாடுதல் வேறு. அதன் பொருளை அறிதல் வேறு.

இன்று இயந்திரங்கள் எழுதவும் பேசவும் தொடங்கிவிட்டன. அவற்றைக் கண்டு வியக்கும் நம் மாணவர்கள், ஒருமுறையேனும் இவ்விரு கம்பிகளைத் தம் கையால் மாற்றி இணைத்துப் பார்க்கட்டும். "இது எதனை உணர்கின்றது? எதனோடு இணைந்துள்ளது?" என்று எந்த இயந்திரத்தின் முன்னும் நின்று வினவும் துணிவு அவர்களுக்கு உண்டாகும்.