தாளிலே வந்த எண்
குருதியிலுள்ள காவற் கலங்களை ஆய்வுகூடம் இனங்காண்பது எப்படி?



மண்சரிவால் வீட்டையும் காணியையும் இழந்து, ஊவாவில் வேறோரிடத்தில் குடியேறிய குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை; காரணம் உங்களுக்கே விளங்கும். அந்த வீட்டுத் தாய் நான்காக மடித்த தாளொன்றை நீட்டினார். அதில் சீ.டி.4 என்பதற்கு நேரே 180 என்று இருந்தது. "பாதர், இன்னும் நூத்தியெண்பது நாள்தான் இருப்பேனா?" என்று கேட்டார். மூன்று கிழமையாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்திருக்கிறார்.

அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

கலத்தின் மேலுள்ள குறி

எமது குருதியிலுள்ள வெண்குழியங்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவலர்கள். அவற்றுள் டி கலம், பி கலம் என்ற இரு வகையினர் முக்கியமானவர்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டும் ஒரே சாடைதான். வேறுபாடு மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே வாங்கிகள் எனப்படும் நுண்ணிய புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மாட்டுக்குச் சுடும் குறியைப் போல, எந்தக் கலம் எந்த வகை என்று அவற்றால் அறியலாம். ஆனால் அவை வெறும் குறியல்ல. வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கும் கைகளும் அவையே.

ஆட்டுக் குருதி செய்த உதவி

கண்ணுக்குத் தெரியாத வாங்கியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1970களில் ஆய்வுகூடங்கள் கையாண்ட முறை எளிமையானது. மனித வெண்குழியங்களோடு செம்மறியாட்டின் செங்குழியங்களைக் கலந்து குளிரில் வைப்பார்கள். டி கலத்திலுள்ள ஒரு வாங்கிக்கு ஆட்டுச் செங்குழியத்தைப் பற்றும் இயல்பு உண்டு. ஆகவே டி கலத்தைச் சுற்றி ஆட்டுச் செங்குழியங்கள் இதழ்களைப் போல ஒட்டிக்கொள்ளும். மூன்றோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தால் அதனை ஒரு பூவாகக் கணக்கிட்டு, நூறு கலங்களில் எத்தனை பூ என்று எண்ணுவார்கள்.

ஒளிரும் சாயம்

அமெரிக்க அறிஞர் அல்பேர்ட் கூன்ஸ் 1941இல் வேறொரு வழியைத் திறந்திருந்தார். பிறபொருளெதிரி, பூட்டுக்கேற்ற திறப்பைப் போல, தனக்குரிய பொருளில் மட்டும் சென்று ஒட்டும். அதிலே ஒளிரும் சாயத்தை இணைத்துவிட்டால், அது ஒட்டிய இடம் விசேட ஒளியின் கீழ் மின்னும். ஆனால் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு பெறுவது கடினமாயிருந்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் அதற்கு வழி கண்டார்கள். 1984இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

இன்று எண்ணும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரமே செய்கிறது. சாயமிட்ட கலங்கள் நுண்ணிய குழாயினூடாக, கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பவர்களைப் போல ஒவ்வொன்றாகச் செல்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் லேசர் ஒளி படுகிறது. மின்னுபவை எத்தனை என்று கருவி குறித்துக்கொள்கிறது.

அந்த 180

சீ.டி.4 என்பது உதவி டி கலங்களில் காணப்படும் ஒரு வாங்கி. மற்றக் காவலர்களை ஏவி வேலை வாங்கும் கலங்கள் இவை. எச்.ஐ.வி. கிருமி இதே வாங்கியைப் பிடித்துத்தான் கலத்தினுள் நுழைகிறது என்பது 1984இல் தெரியவந்தது. காவலர் வீட்டுக் கதவே கள்வனுக்கும் வழியாயிற்று!

ஆகவே 180 என்பது நாட்கணக்கல்ல. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில், அதாவது சிறு துளியிலும் சிறு பங்கில், உள்ள உதவிக் கலங்களின் தொகை அது. சுகமான வளர்ந்தவரிடம் ஏறத்தாழ 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போனால் காசநோய் போன்றவை எளிதில் தொற்றும். உடனே கவனிக்க வேண்டும். ஆனால் மருந்தால் அது மீண்டும் உயரக்கூடிய எண். நேரத்துக்கு நேரம் சற்று மாறவும் செய்யும். வேறு நோய்களாலும் குறையலாம். ஆதலால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டென்று முடிவு கட்டக்கூடாது; அதற்கு வேறு பரிசோதனை உண்டு.

முன்பு இந்த எண் குறையும்வரை காத்திருந்தே மருந்தைத் தொடங்கினார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றி, எண் எதுவாயினும் மருந்தைத் தொடங்கும்படி அறிவுறுத்தியது. எண் உயர்ந்ததென்று மருந்தை நிறுத்துவதும் தவறு.

நாம் செய்யவேண்டியது

எமது நாட்டில் அரசாங்க நிலையங்களில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் காக்கப்படும். பதுளையிலும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் குருதி கொடுக்கத் தயங்கவேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்திருப்பதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அந்தச் சோதனையின் பயன் அது.

முகாமில் ஒரே பீலியில் நீர் பிடிப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதாலோ இது தொற்றாது. வீடிழந்து வந்தவரை நாமும் ஒதுக்கினால் அவர் எங்கே போவார்?

அந்தத் தாயின் அடுத்த தாளில் 260 என்று இருந்தது. இம்முறை அவர் அதை மடித்து ஒளிக்கவில்லை. "கூடியிருக்கு பாதர்" என்று சொல்லிவிட்டு, கோவாக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.