உப்பிய பேட்டரியும் அறிவியல் கண்காட்சியும்

அறிவியல் கண்காட்சி என்றதும் மாணவர்கள் வீட்டிலுள்ள பழைய கைபேசி பேட்டரியைக் கழற்றி வந்து எல்.இ.டி. எரிய வைக்கிறார்கள். ஆர்வத்தைப் பாராட்டுவோம்; ஆனால் முதலில் பேட்டரியை மேசைமீது வைத்துப் பாருங்கள். தட்டையாக அமராமல் ஆடினால், உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. அந்த மின்பகுளி எளிதில் தீப்பற்றும் திரவம். ஆணியால் குத்தினாலோ, அழுத்தினாலோ மின்முனைகளைப் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் கிழிந்து, குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம்.

உப்பாத பேட்டரிக்கும் எல்லை உண்டு. லித்தியம் அயனி மின்கலம் பொதுவாக 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். சாதாரண சார்ஜர் தருவதோ 5 வோல்ட். இடையில் நின்று கட்டுப்படுத்துவது கைபேசிக்குள் உள்ள மின்சுற்று. சார்ஜர் கம்பியை வெட்டி பேட்டரியில் நேரடியாகச் சேர்க்கும் மாணவர் அந்தக் காவலையே விலக்கிவிடுகிறார். (இந்த வித்தையை எங்கே கற்கிறார்களோ!)

செய்முறைக்கு உலர் மின்கலமே போதும். உப்பிய பேட்டரியின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மணல் நிரப்பிய தகர டப்பாவில் தனியே வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.