திரையும் கரையும்

‘திரை’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு அலை என்றும் ஒரு பொருள் உண்டு. காட்சிகளைக் காட்டும் பரப்பையும் இன்று நாம் திரை என்கிறோம். ஒரு திரையில் கற்ற பாடம் மற்றொரு திரையிலிருந்து உயிர்களைக் காத்த வரலாறு ஒன்று உண்டு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் இங்கிலாந்துச் சிறுமி தன் குடும்பத்தாருடன் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது 10. கடல்நீர் நுரைத்துக்கொண்டு கரையேறியது. ஆனால் வழக்கம்போல் திரும்பிச் செல்லவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலை பற்றிய காணொளியை அவள் பார்த்திருந்தாள். உடனே பெற்றோரை எச்சரித்தாள். விடுதிக் காவலருக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது. மக்கள் கரையைவிட்டு வெளியேறினர். ஏறத்தாழ 100 பேர் உயிர் பிழைத்தனர்.

அதே பேரலை நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரிக் கரைகளையும் தாக்கியது. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்த பின்னர், அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. தப்புவதற்குக் காலம் இருந்தது. ஆனால் எச்சரிக்கும் அமைப்பு அந்நாளில் இந்தியப் பெருங்கடலில் இல்லை. தமிழகத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இன்று நிலைமை மாறியுள்ளது. ஐதராபாத்தில் 2007ஆம் ஆண்டு முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. நிலநடுக்கமானிகளும், கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் அதற்குச் செய்தி தருகின்றன. அம்மையத்தின் இணையதளத்தை மாணவரும் காணலாம்.

தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் இணையதளம் நாட்டில் நிகழும் நிலநடுக்கங்களின் இடம், நேரம், ஆழம், அளவு ஆகியவற்றை வெளியிடுகிறது. அளவு ஓர் எண் உயர்ந்தால், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். இரண்டு எண்கள் உயர்ந்தாலோ, ஏறத்தாழ 1,000 மடங்காகும். இதனை அறிந்தவர்க்கே அவ்வெண்களின் பொருள் விளங்கும்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டு தொடங்கிய ‘புவன்’ தளத்தில், செயற்கைக்கோள் படங்களின் வழியே நாட்டைக் காணலாம். தில்லியில் வாழும் குழந்தை யமுனையின் வளைவையும், தாத்தா பாட்டி வாழும் காவிரிப் படுகையையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம்.

எனினும், திரையில் தோன்றுவன அனைத்தும் உண்மையல்ல. இன்ன நாளில், இன்ன நேரத்தில் நிலநடுக்கம் வரும் என்று கைப்பேசியில் பரவும் செய்திகளை நம்புதல் கூடாது. அவ்வாறு நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் வழியை அறிவியல் இதுவரை கண்டறியவில்லை. ஆழிப்பேரலை எச்சரிக்கையோ நிலம் அதிர்ந்த பின்னரே தரப்படுவது. நில அதிர்வுகள் அலையைவிட மிக விரைந்து பரவுவதாலேயே அது இயலுகிறது.

அதிர்வு அருகில் நிகழ்ந்தால், அலை சில நிமிடங்களில் கரையை அடைந்துவிடும். எனவே கடற்கரையில் நிற்பவர் வலிய நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்குவதைக் கண்டாலோ, எச்சரிக்கைச் செய்திக்காகக் காத்திராமல் மேட்டுநிலம் நோக்கி விரைதல் வேண்டும். கரையில் நின்றபோது அச்சிறுமிக்கு உதவியது கையிலிருந்த கருவியன்று. மனத்தில் பதிந்திருந்த பாடமே.

செயல்பாடு: விடுமுறையில் நீ செல்லும் கடலோர ஊர் ஒன்றைப் ‘புவன்’ தளத்தில் காண்க. அது கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? அங்கே மேடான இடம் எது? ஊரிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.